காமாக்கதிர் வெடிப்புகளை வைத்துப் பிரபஞ்சத்தை அளப்பதற்கு முன்: கருவியின் கண்ணுக்குத் தப்பியவற்றை எப்படிக் கணக்கில் எடுப்பது?

சென்னையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புராஜெக்டுக்காக ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் தரவை எடுத்தேன். காமாக்கதிர் வெடிப்புக்குப் பிறகு எக்ஸ் கதிர் ஒளி கொஞ்ச நேரம் பெரிதாகக் குறையாமல் நிற்கிறதே, அந்தச் சமதளம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, முடியும்போது ஒளிர்திறன் எவ்வளவு என்று வரைந்தேன். அழகான நேர்கோடு வருகிறது. இதை வைத்துத் தொலைவை அளந்து பிரபஞ்ச விரிவைக் கணக்கிடலாம் என்று பார்த்தால், முதலில் தேர்வுச் சார்பை நீக்கு என்கிறார் வழிகாட்டி. அது அவ்வளவு முக்கியமா? எப்படி நீக்குவது?"

ரொம்ப முக்கியம். கருவிக்குத் தெரிந்தவை மட்டும் பட்டியலில் சேர்வதால் முடிவு ஒரு பக்கமாகச் சாய்வதுதான் தேர்வுச் சார்பு. உங்கள் வழிகாட்டி சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறார். கோடு நேராக வருவது மட்டும் எதையும் நிரூபிக்காது. அந்தக் கோட்டில் வெடிப்பின் இயற்பியல் எவ்வளவு, கருவிக்கு எட்டாமல் போனவை விட்டுச்சென்ற வடிவம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிறகுதான் அது அளவுகோலாகும்.

தொலைதூர விண்மீன் மண்டலங்களிலிருந்து கொஞ்ச நேரம் மட்டும் பாய்ந்து வரும் காமாக்கதிர் மின்னல்தான் காமாக்கதிர் வெடிப்பு. இந்த வெடிப்புகள் நமக்கு ஏன் தேவைப்படுகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967இல் வேலா செயற்கைக்கோள்கள் முதன்முதலில் பதிவுசெய்தன. செய்தி வெளிவந்தது 1973இல். காம்ப்டன் விண்வெளி ஆய்வகத்தில் இருந்த பாட்சே கருவி 1991 முதல் 2000 வரை 2704 வெடிப்புகளைப் பிடித்தது. 1997இல் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கிவரும் அவற்றின் பின்னொளியைக் கண்டுபிடித்த பிறகுதான் தொலைவை அளக்க முடிந்தது. 2004இல் ஸ்விஃப்ட் வந்தது. பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதே செம்பெயர்ச்சி; அது கூடினால் தொலைவும் கூடும். ஜிஆர்பி 090423 என்ற வெடிப்பின் செம்பெயர்ச்சி 8.2, அதாவது பிரபஞ்சத்துக்கு 65 கோடி வயதுகூட ஆகாத காலத்து ஒளி. நாம் நம்பி அளக்கும் 1ஏ வகை சூப்பர்நோவாக்கள் செம்பெயர்ச்சி 2.3 அருகிலேயே நின்றுவிடுகின்றன. அதைத் தாண்டினால் பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்து ஒளியான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு இருக்கிறது, அது 1100இல். நடுவில் இருக்கும் பெரிய இடைவெளியில் கால் வைக்க இந்த வெடிப்புகள் ஒரு படி. அதனால்தான் இத்தனை பேர் இதன் பின்னால் உழைக்கிறார்கள்.

ஆனால் சூப்பர்நோவா போல எல்லா வெடிப்பும் ஏறக்குறைய ஒரே பிரகாசம் உடையவை அல்ல. எல்லாத் திசையிலும் சமமாக வெளிவந்ததாகக் கணக்கிட்டால், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஆற்றலில் பல லட்சம் மடங்கு வித்தியாசம் வரும். எனவே தொலைவு தெரியாமலே அளக்கக்கூடிய ஒன்றை, தொலைவு தெரிந்தால்தான் கிடைக்கும் ஒளிர்திறனோடு (நொடிக்கு வெளிவரும் ஆற்றலோடு) இணைக்கும் ஒட்டுறவு தேவைப்படுகிறது. 2002இல் அமாட்டி, நிறமாலையின் உச்ச ஆற்றலை மொத்த ஆற்றலோடு இணைத்தார். 2004இல் யோனேடோகு அதே உச்ச ஆற்றலை உச்ச ஒளிர்திறனோடு இணைத்தார். 2008இல் டைனோட்டி கண்டது, நீங்கள் வரைந்திருக்கும் சமதளத்தின் கால அளவுக்கும் ஒளிர்திறனுக்கும் உள்ள உறவு.

இனிச் சிக்கலுக்கு வருவோம். இரவில் மெரினா மணலில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். கரையோரமாகப் போகும் ஃபைபர் படகின் சின்ன விளக்கும் தெரியும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும் சரக்குக் கப்பலும் தெரியும். ஆனால் அந்தக் கப்பலுக்குப் பக்கத்திலேயே மிதக்கும் சின்னப் படகு தெரியாது. தெரிந்த விளக்குகளை மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து வரைந்தால், கரையிலிருந்து தள்ளிப் போகப் போகப் படகுகள் பெரிதாகின்றன என்று கோடு வரும். ஸ்வீடன் நாட்டு வானியலாளர் மால்ம்க்விஸ்ட் 1920களில் விண்மீன் கணக்கெடுப்பில் சுட்டிக்காட்டிய சார்பு இதுதான்.

எண்ணில் பார்த்தால் இதன் கடுமை புரியும். வழக்கமான பிரபஞ்ச மாதிரியில் (விரிவின் இன்றைய வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலி 70, பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் பருப்பொருளின் பங்கு 0.3) செம்பெயர்ச்சி 1இல் உள்ள வெடிப்பின் ஒளிர்வுத் தொலைவு சுமார் 6600 மெகாபார்செக், 3இல் சுமார் 25,400 (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு). ஒளி தொலைவின் வர்க்கத்துக்குக் குறைவதால், ஒரே டிடெக்டர் 3இல் ஒன்றைப் பிடிக்க வேண்டுமானால் அது 1இல் தேவைப்பட்டதைவிடச் சுமார் 15 மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும். அதாவது உங்கள் படத்தில் ஒளிர்திறனுக்கு ஒரு தரை இருக்கிறது. செம்பெயர்ச்சி கூடக் கூட அந்தத் தரை ஏறிக்கொண்டே போகிறது. தரைக்குக் கீழே என்ன இருந்தது என்று தரவு சொல்லவே சொல்லாது.

இப்போது உங்கள் கோட்டைப் பாருங்கள். சமதளத்தின் கால அளவை வெடிப்பின் சொந்தச் சட்டகத்துக்கு மாற்ற (1 + செம்பெயர்ச்சி) ஆல் வகுத்திருப்பீர்கள். இயற்கையில் ஒளிர்திறனுக்கும் கால அளவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். தொலைவில் இருப்பவற்றில் பிரகாசமானவை மட்டும் கண்ணில் படும்; அதனால் ஒளிர்திறன் ஏறும். பூமியில் அளக்கும் கால அளவுகள் எல்லாத் தொலைவிலும் ஒரே மாதிரி பரவியிருந்தால், வகுத்த பிறகு தொலைவில் இருப்பவற்றின் கால அளவு குறையும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, எதிர்மறைச் சாய்வுள்ள ஒரு கோடு தானாகவே வந்து நிற்கும். நீங்கள் தேடும் உறவும் எதிர்மறைச் சாய்வுதான்! உங்கள் கோடு முழுவதும் இப்படி வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த உறவில் உண்மை இருப்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் எவ்வளவு பங்கு உண்மை என்பதை உங்கள் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

தரை ஒன்று மட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை, வடிகட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஸ்விஃப்ட் பிடித்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் செம்பெயர்ச்சி கிடைத்திருக்கிறது. அதை அளக்கப் பூமியில் உள்ள பெரிய தொலைநோக்கி வேண்டும், பின்னொளி மங்குவதற்குள் அது திரும்ப வேண்டும், வானம் தெளிவாக இருக்க வேண்டும். தூசு நிறைந்த விண்மீன் மண்டலத்தில் வெடித்தால் கண்ணுறு ஒளி வெளியே வராமலே போய்விடும். செம்பெயர்ச்சி சுமார் 1.4க்கும் 2க்கும் நடுவில் மண்டலத்தின் முக்கிய நிறமாலைக் கோடுகள் கண்ணுறு அலைவரிசையை விட்டு நழுவிவிடுவதால், அங்கே அளவீடு கடினம். (பின்னொளி எவ்வளவு மங்கல் என்று சொல்ல இன்றும் நாம் பயன்படுத்துவது, பிரகாச அளவெண்ணில் 5 வித்தியாசத்துக்கு 100 மடங்கு ஒளி என்று 1856இல் போக்சன் வகுத்த ஏணி. அந்த போக்சன்தான் 1861 முதல் 1891இல் இறக்கும்வரை நம் நுங்கம்பாக்கத்து மெட்ராஸ் வானாய்வகத்தை நடத்தியவர். இங்கே இயற்பியல் படிக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.)

சமதளத்துக்கு மட்டுமே உரிய வடிகட்டி ஒன்றும் உண்டு. ஸ்விஃப்ட் தன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியைத் திருப்புவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் முடிந்துவிட்ட சமதளம் உங்கள் மாதிரியில் இருக்காது. ஸ்விஃப்ட் பூமியை ஒருமுறை சுற்ற சுமார் 96 நிமிடம் ஆகிறது. நடுவில் பூமி மறைக்கும் நேரத்தில் சமதளம் முடிந்தால், முடிந்த கணம் எது என்பது ஊகம்தான். தரவை மறுபடி திறந்து ஒவ்வொரு ஒளி வளைவிலும் இந்த இடைவெளி எங்கே விழுகிறது என்று கண்ணால் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்தவர்களுக்குத்தான் தங்கள் தரவு புரியும்.

அமாட்டி உறவைச் சுற்றி நடந்த விவாதம் இங்கே நல்ல பாடம். 2005இல் நாகரும் பிரானும், அதே ஆண்டில் பேண்டும் ப்ரீஸும், பாட்சே வெடிப்புகளில் கணிசமானவை எந்தச் செம்பெயர்ச்சியில் வைத்தாலும் அந்த உறவில் பொருந்தவில்லை என்று காட்டினார்கள். உறவு வெறும் தேர்வின் விளைவு என்று சிலர் முடிவுகட்டினார்கள். ஆனால் படத்தின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். உச்ச ஆற்றல் அதிகமாகவும் மொத்த ஆற்றல் குறைவாகவும் உள்ள மூலை காலியாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை: அத்தகைய வெடிப்பிலிருந்து நமக்கு வரும் ஃபோட்டான்கள் மிகக் குறைவு, டிடெக்டரே விழிக்காது. எதிர் மூலையோ அப்படி இல்லை. மொத்த ஆற்றல் அதிகம், உச்ச ஆற்றல் குறைவு என்றால் ஃபோட்டான்கள் கொட்டும், சுலபமாகப் பிடித்திருக்கலாம். இருந்தும் அந்த மூலையும் காலியாகவே இருக்கிறது. அது இயற்கை போட்ட எல்லை. ஆக ஒரு விளிம்பு நிஜம், மறு விளிம்பைக் கருவி செதுக்கியிருக்கிறது. உறவு உண்டா இல்லையா என்று ஒரே சொல்லில் கேட்பதைவிட இப்படி விளிம்பு விளிம்பாகக் கேட்பதுதான் பலன் தரும் என்று நினைக்கிறேன்.

சரி, நீக்குவது எப்படி? இந்தத் துறையில் அதிகம் கையாளப்படுவது 1992இல் எஃப்ரானும் பெட்ரோசியனும் வகுத்த முறை. முன்னவர் புள்ளியியலாளர், பின்னவர் வானியற்பியலாளர். கேட்க மிரட்டும், செய்து பார்த்தால் நேர்மையான எளிய யோசனை என்று தெரியும்.

உங்கள் பட்டியலில் செம்பெயர்ச்சி 3இல் உள்ள ஒரு வெடிப்பை எடுங்கள். அதைவிடக் குறைந்த செம்பெயர்ச்சி உள்ள எல்லாவற்றையும் பார்த்து, ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: நீ 3இல் வெடித்திருந்தால் எங்கள் கருவி உன்னைப் பார்த்திருக்குமா? ஆம் என்பவற்றை மட்டும் சேருங்கள். இந்தச் சின்னக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே தரைதான். எனவே இதற்குள் ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடு. நாம் எடுத்த வெடிப்பையும் சேர்த்து 11 பேர் வந்தார்கள் என்று வையுங்கள். மங்கலிலிருந்து பிரகாசத்துக்கு வரிசைப்படுத்தினால் அதன் தர எண் என்ன? ஒளிர்திறனுக்கும் செம்பெயர்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்றால் தர எண் 1 முதல் 11 வரை எதுவாகவும் சம வாய்ப்போடு வரும். சராசரி 6, மாறுபாடு 10. உங்கள் வெடிப்பு 9ஆவதாக வந்தால் விலகல் கூட்டல் 3. ஒரு வெடிப்பில் இது ஒன்றும் சொல்லாது. எல்லா வெடிப்புக்கும் இதே மாதிரி செய்து, விலகல்களைக் கூட்டி, மாறுபாடுகளின் கூடுதலுக்கு வர்க்கமூலம் எடுத்து வகுத்தால் கிடைப்பது டௌ என்ற எண். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பரிணாமம் இல்லை, அதாவது செம்பெயர்ச்சியோடு ஒளிர்திறன் மாறவில்லை. 3, 4 என்று போனால், தரையைக் கழித்த பிறகும் தொலைவில் உள்ளவை நிஜமாகவே பிரகாசமானவை.

அப்படிப் பரிணாமம் இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஒளிர்திறனையும் (1 + செம்பெயர்ச்சி) என்பதன் கே அடுக்கால் வகுங்கள். கே மதிப்பைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் டௌவைக் கணக்கிடுங்கள். டௌ பூஜ்யமாகும் கே உங்கள் விடை. டௌ கூட்டல் 1க்கும் கழித்தல் 1க்கும் இடையே இருக்கும் கே எல்லை ஒரு சிக்மா பிழை. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறும் ஓர் இடம் உண்டு: ஒளிர்திறனை வகுக்கும்போது தரையையும் அதே காரணியால் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டங்கள் தப்பாகச் சேரும், விடை நன்றாகவே தோன்றும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கால அளவுக்கும் இதையே தனியாகச் செய்ய வேண்டும்.

முதல் வெடிப்பொளியின் ஒளிர்திறனுக்கு யோனேடோகு குழு 2004இல் கே மதிப்பு 2.6 என்றது, பெட்ரோசியன் குழு 2015இல் 2.3 என்றது, பிழை 0.8. ஆனால் 2013இல் டைனோட்டி குழு சமதளத்துக்கு இதைச் செய்தபோது ஒளிர்திறனில் குறிப்பிடத்தக்க பரிணாமம் இல்லை என்று வந்தது. கால அளவிலோ கழித்தல் 0.85 அளவில் பரிணாமம் இருந்தது. அதை நீக்கியதும், கழித்தல் 1.3 அருகே தெரிந்த சாய்வு கழித்தல் 1.07க்கு வந்தது. வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம், இயற்பியல் அதில்தான் இருக்கிறது. இரண்டு அச்சும் மடக்கையில் இருப்பதால், சாய்வு கழித்தல் 1 என்றால் ஒளிர்திறனையும் கால அளவையும் பெருக்கினால் மாறாத எண் வரும். அதாவது எல்லாச் சமதளங்களுக்கும் ஏறக்குறைய ஒரே ஆற்றல் கையிருப்பு. வேகமாகச் சுழலும் காந்த நியூட்ரான் விண்மீன் தன் சுழற்சியைச் செலவழிக்கிறது என்ற விளக்கத்தோடு அது பொருந்துகிறது. தப்பான சாய்வை அப்படியே தொலைவுக் கணக்கில் போட்டால், பருப்பொருளின் பங்கு தப்பாக வரும்.

இத்தனைக்கும் பிறகு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நீங்கள் வரையும் தரைக் கோடு சரியாக இருந்தால்தான் விடை சரி. ஸ்விஃப்டின் வெடிப்புணரி ஒற்றை எண்ணைத் தாண்டினால் விழிக்கும் எளிய கருவி அல்ல. நூற்றுக்கணக்கான தூண்டல் விதிகள் அதில் ஓடுகின்றன. பின்னணி இரைச்சல், கோணம், வெடிப்பின் வடிவம் எல்லாமே முடிவை மாற்றும். எனவே தரை என்பது நிஜத்தில் மங்கலான பட்டை. அதைத் தரவின் அடி விளிம்பை ஒட்டிக் கோடாக வரைந்தால் தரை நிஜத்தைவிடக் கீழே போய்விடும். அப்போது கோட்டுக்கு மேலேயும் பிடிபடாமல் தப்பியவை இருக்கும். முறை அந்த வெற்றிடத்தைப் பரிணாமம் என்று படித்துவிடும். 2021இல் பிரையன்ட், ஆஸ்போர்ன், ஷாமொராடி மூவரும் இதைத்தான் காட்டினார்கள்: ஒளிர்திறனில் சொல்லப்பட்ட வலுவான பரிணாமத்தில் நிறைய, தரையைக் குறைத்து மதிப்பிட்டதால் வந்திருக்கலாம் என்று. எனக்கு இந்த விமர்சனம் வலுவானதாகவே படுகிறது. ஆகவே தரையை விளிம்பைவிடச் சற்று மேலே வையுங்கள். சில வெடிப்புகள் போகும், போகட்டும். அப்புறம் தரையை இன்னும் ஏற்றிப் பாருங்கள். கே நிலையாக நின்றால் நம்பலாம். தரையோடு சேர்ந்து அதுவும் நகர்ந்தால் நீங்கள் அளந்தது தரையைத்தான்.

இன்னொரு முடிச்சு: ஒளிர்திறன் கணக்கிட ஏற்கெனவே ஒரு பிரபஞ்ச மாதிரியை எடுத்துக்கொண்டீர்கள். அதே ஒளிர்திறனை வைத்து மாதிரியை அளப்பது வட்டத்தில் சுற்றுவது. செம்பெயர்ச்சி 2க்குக் கீழே உள்ள வெடிப்புகளைச் சூப்பர்நோவாவை வைத்து அளவுதிருத்தி, அந்தக் கோட்டை மேலே நீட்டலாம். அப்படிச் செய்தால் சூப்பர்நோவாவின் சார்புகளும் கூடவே வரும். உறவின் சாய்வு, வெட்டுத்துண்டு (கோடு அச்சை வெட்டும் இடம்), பிரபஞ்ச அளவுருக்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பொருத்துவது எனக்குப் பிடித்த வழி. கே மதிப்பும் பருப்பொருள் பங்கைப் பொறுத்து மாறும் என்பதால், சில குழுக்கள் இப்போது அதையும் ஒவ்வொரு அடியிலும் புதுப்பிக்கிறார்கள். அப்படிச் செய்யுங்கள், கணினிக்கு வேலை கூடும், அவ்வளவுதான். ஹபிள் மாறிலியை மட்டும், வேறு எதுவும் சேராமல் வெடிப்புகளிலிருந்தே எடுக்க முயலாதீர்கள். அளவுதிருத்தம் இல்லாமல் அது உறவின் வெட்டுத்துண்டோடு பிரிக்க முடியாமல் கலந்துவிடும். பிளாங்க் செயற்கைக்கோள் தந்த 67.4க்கும் சூப்பர்நோவாக்களின் 73க்கும் நடுவில் உள்ள வழக்கை வெடிப்புகள் இன்று தீர்க்க முடியாது. அவை சூப்பர்நோவாவோடு சேர்ந்து தொலைதூரத்தில் ஒரு சோதனையாக நிற்கலாம். 2024இல் ஏவப்பட்ட செயற்கைக்கோள்களான ஐன்ஸ்டைன் புரோபும் ஸ்வாமும் மங்கலானவற்றையும் தொலைவில் உள்ளவற்றையும் கூட்டித் தரும்போது நிலைமை மாறும்.

உங்கள் புராஜெக்டுக்கு வருகிறேன். அறிக்கை எழுதும் முன் போலித் தரவு ஒன்று செய்யுங்கள். ஒளிர்திறனுக்கும் கால அளவுக்கும் உறவே இல்லாத வெடிப்புகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, செம்பெயர்ச்சியில் தூவி, உங்கள் தரை, 96 நிமிடச் சுற்றில் பூமி மறைக்கும் இடைவெளி, மூன்றில் ஒன்று மட்டும் மிஞ்சும் செம்பெயர்ச்சி வடிகட்டி எல்லாவற்றையும் அவற்றின்மேல் ஓட்டுங்கள். மிஞ்சியவற்றில் என்ன சாய்வு வருகிறது, உங்கள் திருத்தம் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறதா என்று பாருங்கள். பிறகு கழித்தல் 1 சாய்வுள்ள உறவை உள்ளே வைத்து அது திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். சாதாரண லேப்டாப்பில் ஓர் இரவு ஓடவிட்டால் போதும். முறையில் சந்தேகம் வந்தால் தரமணியில் மேட்சயின்ஸ் (கணித அறிவியல் நிறுவனம்) இருக்கிறது. அங்கே நடக்கும் கருத்தரங்குக்குப் போய் பேச்சு முடிந்ததும் கேளுங்கள், பெரும்பாலும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். அறிக்கையின் முதல் படத்தில் புள்ளிகளோடு தரைக் கோட்டையும் வரையுங்கள். தரைக்குக் கீழே விழுந்ததால் நீக்கியவற்றையும் வேறு நிறத்தில் அதே படத்தில் விட்டுவையுங்கள். தேர்வாளர் முதலில் அதைத்தான் தேடுவார்.